எடை பின்னால், சக்கரம் முன்னால்

1932 அக்டோபர் 15ஆம் தேதி காலை கராச்சியில் கிளம்பிய பஸ் மோத் விமானம், அகமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மதியம் 2 மணிக்குச் சற்று முன்பாகப் பம்பாய் ஜுஹுவில் வந்திறங்கியது. ஓட்டி வந்தவர் 28 வயது ஜே.ஆர்.டி. டாடா. கூட வந்தது சுமார் 25 கிலோ தபால். அதில் சென்னைக்கு உரியதை இன்னொரு விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தது வரைக்கும் இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சக்கரம் ஜுஹு மண்ணைத் தொட்ட நொடியிலிருந்து விமானம் அசையாமல் நின்ற நொடி வரை உள்ள அந்த அரை நிமிடம் மட்டும் எந்தக் கதையிலும் வருவதில்லை. அந்தக் காலத்து விமானிகளைக் கேட்டிருந்தால், முழுப் பயணத்திலும் கவனம் தளராமல் இருக்கவேண்டிய இடம் அதுதான் என்று சொல்லியிருப்பார்கள்.

மும்பையில் மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ குடும்பத்தோடு ஜுஹு கடற்கரைக்குப் போகிற நாம், வில்லே பார்லே மேற்கில் அந்த விமான நிலையத்தை ஒட்டித்தான் போகிறோம். இப்போது அங்கே கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்வரும் ஹெலிகாப்டர்களின் சத்தம்தான் அதிகம். 1928இல் தொடங்கிய இடம் அது. அதே ஆண்டில் தொடங்கிய பாம்பே ஃபிளையிங் கிளப், டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் மோத் விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுத்தது. 1929 பிப்ரவரி 10ஆம் தேதி ஜே.ஆர்.டி. வாங்கிய பைலட் லைசென்ஸின் எண் 1.

அந்த விமானங்கள் நிற்கும் தோரணையே வேறு. இறக்கைக்கு அடியில் இரண்டு பெரிய சக்கரம். மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், வால் தரையில் ஊன்றியிருக்கும். வாலுக்கடியில் ஒரு சின்னச் சக்கரம், அல்லது வெறும் சறுக்குக் கட்டை. பைலட்டுகள் இவற்றை டெயில் டிராகர் என்பார்கள். அப்படி அமைத்ததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. மூக்கு தூக்கி நின்றால் புரொப்பெல்லர் கல்லிலும் புல்லிலும் படாது. மேடுபள்ளத்தில் ஓடும்போது முதலில் அடி வாங்கும் மூக்குச்சக்கரம் என்று ஒன்று கிடையாது. வாலில் வைக்கும் பாகம் சின்னது, எடை குறைந்தது, உடைந்தாலும் உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்துவிடலாம்.

ஆனால் இந்த அமைப்புக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பெரிய சக்கரங்கள் விமானத்தின் எடை மையத்துக்கு முன்னால் இருக்கின்றன. இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் விமானம் மூக்கில் கவிழ்ந்துவிடும். எடை மையம் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது நிற்கும்போது ஒரு தொல்லையும் தராது. ஓடும்போதுதான் தரும்.

சூப்பர் மார்க்கெட்டில் சாமான் போட்டுத் தள்ளும் டிராலியில் இதைச் செய்து பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் முன்சக்கரம் இரண்டும் தாமாகச் சுழலும். கைப்பிடிப் பக்கத்துச் சக்கரம் இரண்டும் திரும்பாது. அரிசி மூட்டையை நடுவில் வைத்து, காலி இடமாகப் பார்த்து, வழக்கம்போல முன்னோக்கித் தள்ளிக் கையை விடுங்கள். நேராகப் போகும். அதே டிராலியைக் கைப்பிடிப் பக்கம் முன்னால் போகும்படி தள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று அடி ஒழுங்காகப் போய்விட்டு, சட்டென்று ஒரு பக்கம் திரும்பி, சுழன்று, முன்பின்னாக மாறி நிற்கும். யாரும் அதைத் திருப்பவில்லை. திரும்பாத சக்கரம் முன்னாலும் எடை பின்னாலும் இருந்தது, அவ்வளவுதான். டெயில் டிராகர் ஓடுவது இந்த இரண்டாவது விதத்தில்.

ஏன் சுழல்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் மூக்கு வலப்பக்கம் மூன்று பாகை விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூக்கு திரும்பினாலும் விமானத்தின் எடை முழுதும் பழைய திசையில்தான் போய்க்கொண்டிருக்கும். ஓடும் பொருளின் சுபாவம் அது. சக்கரங்களோ இப்போது வலப்பக்கம் பார்த்து நிற்கின்றன. ஆகவே டயர்கள் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடுகின்றன. தரை அவற்றை வலப்பக்கமாக எதிர்த்துத் தள்ளும். இந்தத் தள்ளு விழும் இடம் எடை மையத்துக்கு முன்னால். எடை மையத்துக்கு முன்னால் வலப்பக்கம் தள்ளினால் மூக்கு இன்னும் வலப்பக்கம் போகும். மூன்று பாகை ஆறாகும். ஆறானதும் டயரின் இழுபறி கூடும், தள்ளும் விசையும் கூடும். கோணத்தை விசை வளர்க்கிறது, விசையைக் கோணம் வளர்க்கிறது. சக்கரங்கள் எடை மையத்துக்குப் பின்னால் இருந்திருந்தால் இதே தள்ளு வாலை வலப்பக்கம் தள்ளி மூக்கை நேராக்கியிருக்கும்.

முற்றிப்போனால் விமானம் தரையிலேயே அரைவட்டம் அடித்து நிற்கும். கிரவுண்ட் லூப் என்று இதற்குப் பெயர். உயிர்ப்பலி வாங்குவது குறைவு; இயந்திரத்தைத்தான் வாங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். அந்த வேகத்தில் 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் எந்த வண்டி திரும்பினாலும் அதை வெளிப்பக்கம் சாய்க்கப் பார்க்கும் விசை கிட்டத்தட்ட அதன் எடைக்குச் சமம். சின்ன விமானத்தில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இரண்டு மீட்டர் அகலமும், எடை மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரமும் இருந்தால், உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நிலைக்கு அது வந்துவிட்டது என்று பொருள். வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் உரசும். பக்கவாட்டுச் சுமையைத் தாங்காத சக்கரக்கால் மடங்கும். கால் மடங்கினால் புரொப்பெல்லர் தரையில் அடிக்கும். அந்த அதிர்ச்சி எஞ்சினுக்குள் போகும். அதே வளைவை மணிக்கு 25 கிலோமீட்டரில் எடுத்தால் விசை ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும், ஒன்றுமே உடையாது. வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. ஆகவே இந்த விமானத்தில் ஒரு கிலோமீட்டர் வேகம் கூடுதலாக வைத்துக்கொண்டு இறங்குவதும் இலவசம் அல்ல.

பைலட்டின் கையில், சரியாகச் சொன்னால் காலில், இருக்கும் ஆயுதம் ரட்டர். இரண்டு மிதிகள், வலதை அழுத்தினால் மூக்கு வலப்பக்கம், இடதை அழுத்தினால் இடப்பக்கம். வாலில் உள்ள அந்த அசையும் பலகைக்குச் சக்தி கொடுப்பது அதன்மேல் ஓடும் காற்று. அங்கேயும் வேகத்தின் வர்க்கம்தான் கணக்கு. வேகம் பாதியானால் ரட்டரின் பிடி கால் பங்காகிவிடும். வேகம் அதிகமாக இருக்கும்போது ரட்டர் நன்றாகக் கேட்கும். நடை வேகத்துக்கு வந்ததும் மிதியோடு இணைந்த வால்சக்கரம் திருப்பிக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. ரட்டர் சோர்ந்துவிட்டது, வால்சக்கரத்தின்மேல் இன்னும் எடை முழுதாக ஏறவில்லை, இறக்கை கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருக்கிறது. பறந்து முடித்தாயிற்று என்று பைலட்டின் உடம்பு தளர்கிற நேரமும் அதுவேதான்.

இந்தியாவில் ஒரு தலைமுறை பைலட்டுகள் இதைக் கற்றுக்கொண்டது புஷ்பக்கில். பெங்களூர் எச்.ஏ.எல்.லில் வி.எம். கட்கே தலைமையில் உருவாகி, 1958 செப்டம்பர் 28இல் முதலில் பறந்த விமானம். துணி போர்த்திய உடல், உயர்ந்த இறக்கை, அருகருகே இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின். 150க்கும் மேல் செய்து நாடெங்கும் உள்ள ஃபிளையிங் கிளப்புகளுக்கு அனுப்பினார்கள். கல்பனா சாவ்லா கர்னாலில் சிறுமியாக இருந்தபோது அப்பா கூட்டிப்போய்ப் பறக்கவைத்ததும் ஒரு புஷ்பக்கில்தான். அதற்கு முன்பே 1951இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும் கட்கேயின் வடிவமைப்பே. அதுவும் வால் தரையில் ஊன்றுகிற வகை.

ஒரு புஷ்பக் இறங்குவதை நொடி நொடியாகப் பார்ப்போம். காற்று வலப்பக்கத்திலிருந்து கொஞ்சம் வீசுகிறது. பைலட் வலது இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, இடது ரட்டரால் மூக்கை ஓடுதளத்தோடு நேராகப் பிடித்திருக்கிறார். தரைக்கு ஒரு முழம் உயரத்தில் எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது. மூக்கை ஏற்றி இறக்கவும் இறக்கையைச் சாய்க்கவும் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக்கை அங்குலம் அங்குலமாகத் தன் பக்கம் இழுக்கிறார். மூக்கு ஏற ஏற எதிரே ஓடுதளம் மறைகிறது. இப்போது கண்ணுக்கு அகப்படுவது இருபுறத்துப் புல் விளிம்பும் தூரத்துக் கோடியும் மட்டும். இறக்கை இனி தூக்க முடியாது என்று கைவிடும் நொடியில் சக்கரங்கள் தரையைத் தொடுகின்றன. மூன்றும் ஒன்றாகத் தொட்டால் அது திரீ பாயின்ட் லேண்டிங். ஸ்டிக் வயிற்றில் முட்டும்வரை பின்னால் வந்துவிட்டது, விமானம் நிற்கிற வரை அங்கேயேதான் இருக்கும். வால்சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பது அதுதான்.

இப்போது கால் வேலை. மூக்கு ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்கிறது. இடது பாதம் அழுத்துகிறது, மூக்கு திரும்பத் தொடங்கியதுமே விட்டுவிடுகிறது. மூக்கு நேராக வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தால், சுழற்சி சேர்த்துக்கொண்ட வேகம் அதை இடப்பக்கம் கொண்டுபோய்விடும். அப்புறம் வலது, அப்புறம் இடது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பெரிதாக. கண் பார்த்ததற்குக் கால் பதில் சொல்ல ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் விமானம் நான்கு மீட்டர் ஓடிவிடுகிறது. அந்தத் தாமதத்தோடு பெரிய மிதி மிதிப்பவர் தானே ஆட்டத்தை உண்டாக்குகிறார். நல்ல பைலட்டின் பாதங்கள் இரண்டும் சும்மா இருப்பதே இல்லை. இடது, வலது, இடது என்று சின்னச் சின்ன அழுத்தம், நொடிக்கு ஒன்றிரண்டு. மூக்கு நகர்ந்தபிறகு திருத்துவதைவிட நகரப்போவதை உணர்ந்து திருத்துவது. பயிற்சியாளர்கள் கண்ணை ஓடுதளத்தின் கோடியில் வை என்று ஓயாமல் சொல்வதும் இதனால்தான். அருகில் பார்த்தால் மூக்கின் சின்ன விலகல் தெரியாது, தூரத்தில் பார்த்தால் உடனே தெரியும்.

கையும் ஓய்வதில்லை. வலப்பக்கக் காற்று செங்குத்து வாலைப் பிடித்து இடப்பக்கம் தள்ளும். மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். கூடவே காற்று வலது இறக்கையைத் தூக்கவும் பார்க்கும். ஆகவே ஸ்டிக் பின்னால் மட்டுமல்ல, காற்றடிக்கும் பக்கமாகவும் சாய்ந்திருக்கும். வேகம் குறையக் குறைய அந்தச் சாய்வு கூடிக்கொண்டே போய், முழுதும் வலப்பக்கம் முட்டி நிற்கும். கை மறந்து ஸ்டிக்கை நடுவுக்கு விட்டவர்கள் பலரை இறக்கை நுனி ஞாபகப்படுத்தியிருக்கிறது.

வேகமாகவோ உயரத்திலிருந்தோ விழுந்தால் வேறொரு கூத்து. பெரிய சக்கரங்கள் முதலில் அடிபடும். எடை பின்னால் இருப்பதால் வால் கீழே போகும், மூக்கு மேலே ஏறும். மூக்கு ஏறினால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். மீதமிருக்கும் வேகத்தில் இறக்கை மறுபடி தூக்கிவிடும். விமானம் எகிறிக் குதிக்கும். குதிப்பதற்குச் சக்கரத்தின் ஸ்பிரிங் காரணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் பழி எடை மையத்தின் இருப்பிடத்தைச் சேரும். அப்படிக் குதித்துக் கோணலாக வந்து விழுந்தால் அடுத்தது கிரவுண்ட் லூப்தான். தயங்காமல் எஞ்சினை முழுதாகத் திறந்து மறுபடி பறந்துவிடுவதே அப்போது சரியான வழி. புரொப்பெல்லர் தள்ளும் காற்று ரட்டரின்மேல் பாய்ந்து, போன பிடியைத் திருப்பியும் தரும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் 1920களிலும் 30களிலும் நூற்றுக்கணக்கான சாதாரண மனிதர்கள் சில மணி நேரப் பயிற்சியில் தனியாகப் பறந்தார்கள். அவர்கள் நம்மைவிடத் திறமைசாலிகளா? தரைதான் வேறாக இருந்தது என்பது என் எண்ணம். பாதிக் காரணம் அவர்கள் காலுக்கடியில் இருந்தது.

ஜுஹு அப்போது கடலோரச் சேற்றுத் தரை. மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும், ஆகவே டாடாவின் விமானச் சேவை மூட்டை கட்டிக்கொண்டு புனேக்கு இடம் மாறும். மழை இல்லாத மாதங்களில் அது ஒரு திறந்த வெளி. திறந்த வெளிக்குத் திசை கிடையாது. மும்பையில் அக்டோபர் பிற்பகல் என்றால் மேற்கிலிருந்து கடல் காற்று எழும் நேரம். திறந்த வெளியில் இறங்குபவர் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே இறங்கிக்கொள்ளலாம். பக்கக்காற்று என்ற பிரச்சினையே எழாது. எதிர்க்காற்று எவ்வளவோ அவ்வளவு தரை வேகமும் குறையும்.

தரை மென்மையாக இருந்ததும் உதவியது. கொஞ்சம் கோணலாகத் தொட்டாலும் டயர் புல்லிலும் ஈர மண்ணிலும் வழுக்கும். பக்கவாட்டுப் பிடி குறைவு என்றால் சுழற்றும் விசையும் குறைவு. ஆனால் பெரிய உதவி வாலில் இருந்தது. ஜிப்ஸி மோத், டைகர் மோத் போன்றவற்றின் வாலுக்கடியில் சக்கரம் இல்லை, சறுக்குக் கட்டைதான். அது மண்ணைக் கீறிக்கொண்டே வரும். எடை மையத்துக்கு வெகு பின்னால், பின்னோக்கி இழுக்கும் ஒரு விசை! மூக்கு எந்தப் பக்கம் விலகினாலும் அந்த இழுப்பு உடம்பைத் திரும்பவும் நேர்கோட்டுக்குக் கொண்டுவரும். முன்சக்கரம் கெடுப்பதை வால் கட்டை திருத்தியது. பிரேக்கும் அதுவே. சக்கரத்தில் பிரேக் இல்லாததைக் குறையாக நினைக்கிறோம். எடை மையத்துக்கு முன்னால் போடும் பிரேக் இந்த விமானத்துக்குக் கெடுதல். ஒரு பக்கம் கூடினால் சுழற்றும், இரண்டு பக்கமும் கூடினால் மூக்கில் கவிழ்க்கும்.

பிறகு சிமென்டும் தாரும் வந்தன. கனமான விமானங்களுக்கும் மழைக்காலத்துக்கும் அவை கட்டாயம் தேவை. ஆனால் தார்ச்சாலை ஒரே திசையில்தான் போகும். காற்று எங்கிருந்து வீசினாலும் அந்தக் கோட்டில்தான் இறங்கவேண்டும். டயர் இப்போது தரையைக் கெட்டியாகப் பிடித்தது. சறுக்குக் கட்டை தாரில் கீறாமல் வழுக்கியது, தேய்ந்தது. அதன் இடத்தில் உருளும் சக்கரம் வந்தது. பின்னால் இழுத்துத் திருத்திக்கொண்டிருந்த விசை போய்விட்டது. விமானத்தின் வடிவம் மாறவே இல்லை. அதை அடக்கி வைத்திருந்த மண் மட்டும் போனது. டெயில் டிராகர் பொல்லாதது என்ற பெயர் கெட்டியானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

முன்னோடிகள் இதை அறியாதவர்கள் அல்ல. ஜே.ஆர்.டி.யின் சிறுவயதுக் கோடைகள் வட ஃபிரான்ஸின் ஹார்தலோ கடற்கரையில் கழிந்தன. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் லூயி பிளேரியோ. 1909 ஜூலை 25இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தவர். அந்தக் கடற்கரையில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்துத்தான் இந்தப் பையனுக்குப் பறக்கும் ஆசை பிடித்தது. கால்வாயைக் கடந்த பிளேரியோ 11 விமானத்தின் முன்சக்கரங்கள் கெட்டியாகப் பொருத்தப்பட்டவை அல்ல, இருபுறமும் திரும்பக்கூடியவை. கோணலாக இறங்கினால் சக்கரம் தானே ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும், பக்கத்தள்ளு எழவே எழாது. நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் இதே யோசனையைப் பக்கக்காற்றுச் சக்கரம் என்று செஸ்னா 195 போன்ற விமானங்களுக்குச் செய்துகொடுத்தது. பரவலாக நிலைக்கவில்லை.

நிலைத்தது மூக்குச்சக்கரம். 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் மூக்குச்சக்கரம் வைத்த கான்ஸ்டலேஷன். 1950களின் நடுவில் செஸ்னா தன் 170 டெயில் டிராகரின் சக்கரங்களைப் பின்னால் நகர்த்தி, மூக்கில் ஒன்றை வைத்து, 172 என்று விற்றது. உலகில் அதிகம் தயாரிக்கப்பட்ட விமானம் இன்றும் அதுவே. பாம்பே ஃபிளையிங் கிளப் உட்பட இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் மூக்குச்சக்கர விமானத்தில்தான் கற்கிறார்கள். பாதுகாப்பு கூடியது நிச்சயம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காலின் கல்வி சுருங்கிப்போனது. புஷ்பக்கில் கற்றவருக்குப் பக்கக்காற்று முதல் நாளே பாடம். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கல்வி எத்தனை காலம் உடம்பில் தங்கும் என்பதற்கு ஜுஹுவிலேயே சாட்சி உண்டு. முதல் பயணத்தின் பொன்விழாவுக்கு, 1982 அக்டோபர் 15இல், ஜே.ஆர்.டி. மறுபடி கராச்சியிலிருந்து தனியாகப் பறந்து வந்தார். வயது 78. விமானம் லெப்பர்ட் மோத், 1930களின் வடிவம், வால் தரையில் ஊன்றுவது. இம்முறை கீழே காத்திருந்தது சேற்றுத் தரை அல்ல, தார் ஓடுதளம். 1932இல் இருந்ததைவிடத் தரை அவருக்குக் கடினமாகியிருந்தது, கால்களுக்கு ஐம்பது வயது கூடியிருந்தது. ஒழுங்காக இறங்கி நிறுத்தினார். தபால் கொண்டுவந்ததைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மூக்குச்சக்கரம் வைத்தவர்களும் இந்தக் கணக்கிலிருந்து முழுக்கத் தப்பிவிடவில்லை. வேகத்தோடு இறங்கி, தரை கிடைத்ததும் கைப்பிடியை முன்னால் தள்ளி மூக்கை அழுத்துகிற பழக்கம் புதியவர்களிடம் உண்டு. அப்போது இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டிருக்க, பின்சக்கரங்கள் எடையிழந்து நிற்கும். சுமை முழுதும் மூக்குச்சக்கரத்தின்மேல். தரையைப் பிடித்திருக்கும் ஒரே புள்ளி மறுபடி எடை மையத்துக்கு முன்னால் போய்விட்டது. பக்கக்காற்று ஒரு தட்டுத் தட்டினால் போதும், செஸ்னா 172உம் அந்த மூக்குச்சக்கரத்தையே அச்சாகக் கொண்டு சுழலும். அங்கே செய்யவேண்டியது கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து, எடையைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது.